தாயின் குருதிக் கணக்கு

தஞ்சை மாவட்டம் தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்பது நாம் பள்ளியிலேயே படித்த செய்தி. மேட்டூரில் திறந்துவிடப்படும் நீர் கல்லணையை அடைந்து, காவிரியாகவும் வெண்ணாறாகவும் புது ஆறாகவும் பிரிந்து வயல்களில் பாய்கிறது. குறுவை, சம்பா, தாளடி என்று நடவும் களையெடுப்பும் அறுவடையும் மாறிமாறி வருகின்றன. நடவையும் களையெடுப்பையும் காலங்காலமாகப் பெரும்பாலும் பெண்களே செய்து வந்திருக்கின்றனர். களத்தில் நெல் குவிகிறது. ஆனால் அந்த நாற்றை நட்ட பெண்களின் குருதியில் ஒரு குறை நெடுங்காலமாகத் தீராமல் இருந்து வருகிறது. அதற்கு இரத்தசோகை என்று பெயர்.

இது தஞ்சைக்கு மட்டும் உரிய குறை அன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் கருவுற்ற பெண்களில் 100க்கு 48.3 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இந்தியா முழுமைக்கும் இந்த அளவு 52.2. தமிழகத்தில் 2015-16இல் எடுத்த முந்தைய ஆய்வில் இது 44.4 ஆக இருந்தது. அதாவது குறை குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. ஆனால் அதே ஐந்தாவது ஆய்வு இன்னொரு செய்தியையும் தருகிறது. தமிழகத்தில் 100க்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடைபெறுகின்றன. தாய்மார்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். போதிய குருதியோடு வந்து சேரவில்லை.

இயற்பியல் கற்பிக்கும் ஒருவர் மகப்பேற்றைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். நோயைக் கண்டறிவதும் மருந்து தருவதும் மருத்துவரின் பணி. ஆனால் வரவு என்ன, செலவு என்ன, கையிருப்பு என்ன என்று கணக்குப் பார்ப்பது நாம் எல்லோரும் செய்யக்கூடியது. கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பேறுகாலத்தில் ஒரு தாய்க்கு நேரும் ஆபத்தின் பெரும்பகுதி பேற்றறையில் தொடங்குவதில்லை என்பதும், பல மாதங்களுக்கு முன்பே, சோற்றுத் தட்டிலும் வயல் வரப்பிலும் தொடங்கிவிடுகிறது என்பதும் விளங்கும்.

சிவப்பணுவின் சுமை

நாம் உள்ளிழுக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து உடலெங்கும் சுமந்து செல்வது குருதியின் சிவப்பணுக்கள். அவற்றுள் இருக்கும் ஹீமோகுளோபின் என்னும் புரதமே ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. இரும்பு இல்லையேல் ஹீமோகுளோபின் இல்லை. ஹீமோகுளோபின் இல்லையேல் ஆக்சிஜனைச் சுமக்க ஆளில்லை.

1 கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மி.லி. குருதியில் 12 கிராம் ஹீமோகுளோபின் உள்ள பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய 100 மி.லி. குருதி சுமக்கும் ஆக்சிஜன் 12 × 1.34, அதாவது 16 மி.லி. இதுவே 7 கிராம் மட்டும் உள்ள பெண்ணுக்கு 9.4 மி.லி. தான். சரக்கு குறைந்த வண்டியைக் கொண்டு அதே அளவு சரக்கைச் சேர்ப்பிக்க வேண்டுமானால் நடைகளைக் கூட்ட வேண்டும். உடலும் அதைத்தான் செய்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. சோகையுற்ற பெண்ணுக்குப் படியேறினால் மூச்சு வாங்குவதும், நெஞ்சு படபடப்பதும், எப்போதும் அசதியாக இருப்பதும் இதனால்தான். "சோம்பேறி" என்று வீட்டார் சொல்லும் மருமகள், உண்மையில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் இதயத்தை ஓடவிட்டுக்கொண்டிருப்பவளாக இருக்கலாம்.

கருவுற்ற காலத்தில் சோகை இல்லாத பெண்ணின் இதயமே வழக்கத்தைவிட 100க்கு 30 முதல் 50 பங்கு வரை கூடுதலான குருதியை இறைக்கிறது. ஏற்கெனவே கூடுதலாக உழைக்கும் இதயத்தின்மீது சோகையும் ஏறினால், சுமைக்கு மேல் சுமை. ஹீமோகுளோபின் மிகவும் குறைந்துபோன தாய்மார்களுக்கு இதயம் தளர்ந்துபோகும் ஆபத்து உண்டு என்று மருத்துவர்கள் எச்சரிப்பதற்குக் காரணம் இதுவே.

இயற்கை செய்யும் ஏற்பாடு

கருவுற்ற பெண்ணின் உடலில் குருதியின் மொத்த அளவு பெருகுகிறது. ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை கூடுகிறது. ஆனால் குருதியின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகும் அளவுக்குச் சிவப்பணுக்கள் பெருகுவதில்லை. ஆகவே குருதி சற்றே நீர்த்துக் காணப்படும். இது நோய் அன்று, நல்ல ஏற்பாடு. நீர்த்த குருதியின் பாகுநிலை குறைவு. பாகுநிலை குறைந்த நீர்மம் நுண்ணிய குழாய்களில் எளிதாகப் பாயும். நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கு உணவும் ஆக்சிஜனும் செல்ல இது உதவுகிறது.

இதனால்தான் கருவுறாத பெண்ணுக்கு 12 கிராம் என்று வகுத்த உலக நலவாழ்வு நிறுவனம், கருவுற்றவர்க்கு 11 கிராம் என்று எல்லையைத் தளர்த்தியது. அண்மையில், 2024இல், நடு மூன்று மாதங்களுக்கு 10.5 என்றும் திருத்தியுள்ளது. நம் நாட்டு நடைமுறையில் 10 முதல் 10.9 வரை இலேசான சோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தரச் சோகை. 7க்குக் கீழ் கடுஞ்சோகை. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் தம் பெயரைப் போலவே தம் ஹீமோகுளோபின் எண்ணையும் அறிந்திருக்க வேண்டும்.

செலவுப் பட்டியல்

இனி இரும்புக் கணக்குக்கு வருவோம். ஒரு மகப்பேற்றுக்குத் தாயின் உடல் செலவிடும் இரும்பு எவ்வளவு?

குழந்தையும் நஞ்சுக்கொடியும் எடுத்துக்கொள்வது சுமார் 300 மில்லி கிராம். தாயின் உடலில் புதிதாகப் பெருகும் சிவப்பணுக்களுக்குச் சுமார் 500 மி.கி. தோல், குடல் முதலியவற்றின் வழியே அன்றாடம் நேரும் இழப்பு, பத்து மாதத்துக்கும் சேர்த்துச் சுமார் 200 மி.கி. ஆக மொத்தம் 1,000 மி.கி., அதாவது ஒரு கிராம்.

ஒரு கிராம் என்பது ஐம்பது அறுபது அரிசி மணிகளின் எடை. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்த ஒரு கிராம் இரும்பைக் குடலின் வழியே உடலுக்குள் ஏற்றுவதுதான் கடினம். 280 நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 3.6 மி.கி. உடலில் சேர வேண்டும். செலவு எல்லா மாதங்களிலும் ஒரே சீராகவும் இல்லை. குழந்தை விரைந்து வளரும் பின்பாதியில் நாளொன்றுக்கு 6 மி.கி. வரை தேவைப்படுகிறது.

நன்கு உண்டு வளர்ந்த பெண்ணின் உடலில் 300 மி.கி. அளவுக்கு இரும்பு சேமிப்பாக இருக்கும். நம் நாட்டுப் பெண்களில் பலருக்கு இச்சேமிப்பு மிகக் குறைவு. சிலருக்கு இல்லவே இல்லை. மாதந்தோறும் நேரும் குருதி இழப்பை ஈடுசெய்வதற்கே அவர்கள் உண்ணும் உணவு போதவில்லை. கையிருப்பு இல்லாத வீட்டில் திடீரென்று பெருஞ்செலவு வந்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் நேர்கிறது.

வரவு எவ்வளவு?

நம் முதன்மை உணவு அரிசி. தீட்டிய பச்சரிசி 100 கிராமில் உள்ள இரும்பு 0.65 மி.கி. மட்டுமே. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்டாலும் கிடைப்பது 2.6 மி.கி. இதில் உடல் உறிஞ்சிக்கொள்வது 100க்கு 5 பங்கு என்று கொண்டால் 0.13 மி.கி. வேண்டியதோ 6 மி.கி. நெற்களஞ்சியத்தின் தட்டு நிறைந்திருந்தும் குருதி நிறையாதது ஏன் என்பதற்கு இந்த இரண்டு எண்களே விடை.

அரிசியோடு பருப்பு, கீரை, காய் முதலியனவும் சேர்ந்து நாள் ஒன்றுக்கு உணவில் 12 மி.கி. இரும்பு இருப்பதாகக் கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெண்களுக்குக் கணக்கிடும் உறிஞ்சல் அளவு 100க்கு 8. அப்படியும் உடலில் சேர்வது 1 மி.கி. அளவே. கருவுற்ற காலத்தில் குடலின் உறிஞ்சும் திறன் தானாகவே உயர்கிறது என்பது உண்மை. ஆயினும் அது மட்டும் 6 மி.கி.க்கு ஈடுகொடுப்பதில்லை.

உறிஞ்சல் ஏன் இவ்வளவு குறைவு? தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள பைட்டேட் என்னும் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களும் அவ்வாறே செய்கின்றன. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு காப்பி அருந்தியபோது இரும்பு உறிஞ்சப்படுவது 100க்கு 39 பங்கும், தேநீர் அருந்தியபோது 64 பங்கும் குறைந்தது. கும்பகோணத்துக் காப்பியைக் கைவிட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டால் போதும்.

இதற்கு நேர்மாறாக, வைட்டமின் சி இரும்பை எளிதில் கரையும் வடிவத்துக்கு மாற்றி உறிஞ்சலைக் கூட்டுகிறது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவை இதற்கு உதவும். தானியங்களுள் கேழ்வரகில் 100 கிராமுக்கு 4.6 மி.கி., கம்பில் 6.4 மி.கி. இரும்பு உண்டு. அரிசியை விட இது ஏழு முதல் பத்து மடங்கு. இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பின் ஒரு பகுதி வேறு வடிவில் இருப்பதால் எளிதாக உறிஞ்சப்படுகிறது. வாய்க்கால் மீனும் வயல் நண்டும் நத்தையும் ஆட்டுச் சுவரொட்டியும் ஏழைகளின் உணவு என்று இகழத் தக்கவை அல்ல. நன்றாக வேகவைத்து உண்டால், அவை சோற்றில் உள்ள இரும்பையும் சேர்த்து உள்ளே கொண்டுவரும்.

மண்ணில் ஒளிந்திருக்கும் திருடன்

வரவு குறைவு என்பதோடு கதை முடியவில்லை. கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. அதுவே கொக்கிப் புழு. இதன் இளம்புழு ஈரமும் வெதுவெதுப்பும் நிழலும் உள்ள மண்ணில் வாழும். மலம் கழித்த இடங்களில், வாய்க்கால் கரையிலும் வரப்போரத்திலும், வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு உட்புகும். பின்பு குருதி வழியாக நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலை அடைந்து சுவரைக் கவ்விக்கொள்ளும்.

கொக்கிப் புழுவில் இருவகை உண்டு. சிறிய வகையைச் சேர்ந்த ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது 0.03 மி.லி. குருதி. பெரிய வகை இதைப்போல் ஐந்து மடங்கு குடிக்கும். சிறிய வகையில் நூறு புழுக்கள் இருந்தால் ஒரு நாள் இழப்பு 3 மி.லி. அதில் உள்ள இரும்பு ஏறத்தாழ 1 மி.கி. இதில் ஒரு பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொண்டாலும், மீதி இழப்பே. உணவிலிருந்து சேர்ந்ததாக நாம் கணக்கிட்ட 1 மி.கி.யில் பெரும்பகுதி இங்கே பறிபோகிறது!

ஆகவே காலில் செருப்பும் வீட்டில் கழிப்பறையும்கூடத் தாயின் குருதிக்கான மருந்துகள்தாம். கருவுற்ற நான்காம் மாதத்துக்குப் பிறகு, அதாவது நடு மூன்று மாதங்களில், குடற்புழு நீக்கும் அல்பெண்டசோல் மாத்திரை ஒருமுறை தருவது நம் நாட்டு நடைமுறை. முதல் மூன்று மாதங்களில் இதனைத் தருவதில்லை.

பேற்றுக்குப் பின் பத்து நிமிடம்

இந்தக் கணக்கில் துண்டு விழுந்தால் என்ன ஆகிவிடும்? குழந்தை பிறந்த பிறகு வரும் சில நிமிடங்களில் அதற்கு விடை கிடைக்கிறது.

பேறுகாலத்தை நெருங்கும்போது கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. வரை குருதி பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அதுவரை அதற்குக் குருதி வழங்கிய நாளங்களின் வாய்கள் திறந்துவிடுகின்றன. அவை மூடாமல் அப்படியே இருந்தால், பத்து நிமிடத்தில் தாயின் குருதி முழுவதும் வெளியேறிவிடும். அவ்வாறு நேராமல் காப்பது கருப்பைத் தசையின் சுருக்கம். நாளங்களைச் சுற்றிப் பின்னலாக அமைந்த தசை நார்கள் இறுகி அவற்றை நெரித்து மூடுகின்றன.

இங்கே ஓர் இயற்பியல் விதி தாய்க்குத் துணை நிற்கிறது. குழாயில் பாயும் நீர்மத்தின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பது பாய்சொய் விதி. நாளத்தின் ஆரம் பாதியானால் குருதியோட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது. பாய்சொய் ஒரு மருத்துவர் என்பதும், நுண்குழாய்களில் குருதி எவ்வாறு பாய்கிறது என்பதை அறியும் ஆவலே அவரை இந்த விதிக்கு இட்டுச் சென்றது என்பதும் நம் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி.

கருப்பை சுருங்கத் தவறினால் பெருக்கு தொடங்குகிறது. இதைத் தடுக்கவே குழந்தை பிறந்த உடனே தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போடுகின்றனர். இம்மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்துக் காக்க வேண்டும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பதனப் பெட்டிக்குத் தடையின்றி மின்சாரம் கிடைப்பதும் தாய்மார் நலத்தைச் சேர்ந்ததே. குழந்தையை உடனே மார்பில் விட்டுப் பால் குடிக்கச் செய்தால் தாயின் உடலே ஆக்சிடோசினைச் சுரக்கும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இப்போது இரண்டு தாய்மார்களை ஒப்பிடுவோம். இருவருக்கும் 5 லிட்டர் குருதி. முதலாமவருக்கு ஹீமோகுளோபின் 12, இரண்டாமவருக்கு 7. இருவருமே 1 லிட்டர் குருதியை இழக்கின்றனர். உப்புநீர் ஏற்றிக் குருதியின் அளவை மீண்டும் 5 லிட்டராக்குகிறார்கள். முதலாமவரிடம் இருந்த 600 கிராம் ஹீமோகுளோபினில் 480 கிராம் மிஞ்சியது. எனவே அவருடைய எண் 9.6. களைப்பார், பிறகு தேறுவார். இரண்டாமவரிடம் இருந்த 350 கிராமில் 280 மிஞ்சியது. அவருடைய எண் 5.6. அவருடைய 100 மி.லி. குருதி இனிச் சுமக்கக்கூடியது 7.5 மி.லி. ஆக்சிஜன் மட்டுமே. அவர் உயிர் பிழைப்பது குருதி வங்கியின் தொலைவைப் பொறுத்தது. இழப்பு ஒன்றே, விளைவு வேறு. வேறுபாடு பேற்றறையில் ஏற்பட்டதன்று.

குருதிப் பெருக்கை அளப்பதிலும் ஒரு பாடம் உண்டு. இழந்த குருதியைக் கண்ணால் மதிப்பிடும்போது பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பேறுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அளவுக்கோடுகள் இட்ட பிளாஸ்டிக் விரிப்பில் குருதியைப் பிடித்து அளந்து, உடனே வேண்டிய சிகிச்சைகள் அனைத்தையும் ஒருசேர அளித்த மருத்துவமனைகளில் 100க்கு 93 பெருக்குகள் கண்டறியப்பட்டன. வழக்கமான முறையில் 51 மட்டுமே. கடுமையான விளைவுகளும் 100க்கு 60 பங்கு குறைந்தன. அளப்பதே அறிவின் தொடக்கம் என்று இயற்பியல் வகுப்பில் நாம் சொல்வது பேற்றறைக்கும் பொருந்துகிறது.

கீரையில் கிடைத்த மருந்து

இரும்பு ஒன்றே போதாது என்பதையும் நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சியே உலகுக்குக் காட்டியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். கருவுற்ற ஏழைப் பெண்களிடம், குறிப்பாகத் துணி ஆலைத் தொழிலாளர்களிடம், காணப்பட்ட ஒருவகைக் கடுஞ்சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் அந்நாளில் கோஷா மருத்துவமனை எனப்பட்ட, இன்றைய கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். மலிவான ஈஸ்ட் சாறு இச்சோகையைத் தீர்க்கிறது என்று 1931இல் அறிவித்தார். அதில் உள்ள பொருள் இன்னதென்று அப்போது தெரியாததால் "வில்ஸ் காரணி" என்றே அதனை அழைத்தனர்.

பத்து ஆண்டுகளுக்குப் பின் 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்ற பெயர் பெற்றது. அமெரிக்காவில் அதனைச் செயற்கையாக ஆக்கிய ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். இன்று சுகாதார நிலையத்தில் தரப்படும் மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பதன் வரலாறு இது. கருவின் தண்டுவடம் உருவாகும் முதல் நான்கு வாரங்களிலேயே ஃபோலிக் அமிலம் தேவைப்படுவதால், குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே அதை உட்கொள்ளத் தொடங்குவது நல்லது.

கணக்கை நேர்செய்தல்

நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒரு மாத்திரை. அதில் 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலம். குறைந்தது 180 நாள். பேற்றுக்குப் பின் மேலும் 180 நாள். இது 2018 முதல் நம் நாட்டில் பின்பற்றப்படும் திட்டம். 60 மி.கி.யில் பத்தில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டாலும் நாளொன்றுக்கு 6 மி.கி.; 180 நாளுக்கு 1,080 மி.கி. நாம் முன்பு கூட்டிய செலவுத் தொகையும் 1,000 அன்றோ? மாத்திரையின் எண்ணிக்கை காரணமின்றி வகுக்கப்பட்டதன்று.

ஆனால் கணக்கு ஏட்டில் நேராவது போல உடலில் நேராக வேண்டுமானால் மாத்திரை வயிற்றுக்குள் செல்ல வேண்டும். வாங்கிய மாத்திரை மாடத்தில் கிடப்பதே பல வீடுகளில் காணும் காட்சி. குமட்டல், மலச்சிக்கல், கறுத்த மலம் ஆகியவற்றைக் கண்டு அஞ்சி நிறுத்திவிடுகின்றனர். மலம் கறுப்பது இரும்பு உறிஞ்சப்படாமல் எஞ்சியதன் அடையாளமே, தீங்கில்லை. குமட்டல் உள்ளவர்கள் இரவு உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாற்றோடு எடுப்பது சிறப்பு. பால், தேநீர், காப்பி ஆகியவற்றோடு எடுக்கலாகாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதே வேளையில் விழுங்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

மாத்திரையால் எண் உயராதபோது, அல்லது நாள் போதாதபோது, நரம்பு வழியே இரும்பு மருந்து செலுத்தும் வசதி அரசு நிலையங்களில் உண்டு. கடுஞ்சோகைக்கு மருத்துவமனையில் சேர்த்துக் குருதி ஏற்ற வேண்டி வரலாம். தஞ்சைப் பகுதியில் இத்தகைய சிக்கலான பேறுகள், 1959இல் தொடங்கப்பட்ட தஞ்சை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இராசா மிராசுதார் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றன. எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. பரம்பரையாக வரும் குருதி நோய்களும் உண்டு. ஆகவே எண் உயரவில்லையென்றால் காரணத்தை மருத்துவர் ஆராய வேண்டும்.

இன்னொரு சிறு செயல் குழந்தையின் கணக்கைத் தொடங்கி வைக்கிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்தால், நஞ்சுக்கொடியில் உள்ள குருதியில் 80 முதல் 100 மி.லி. வரை குழந்தைக்குச் சேர்கிறது. முதல் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்பு அதில் அடங்கியுள்ளது. செலவில்லாத சீதனம் இது.

வீட்டார் கடமை

நம் வழக்கங்களில் நல்லவை பல. வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது அவளுக்கு ஓய்வு தருகிறது. ஆனால் "குறைவாகச் சாப்பிட்டால் குழந்தை சிறிதாக இருக்கும், எளிதில் பிறக்கும்" என்ற எண்ணம் தவறு. பிள்ளை பெற்றவளுக்குக் கீரையும் மீனும் ஆகாது என்று பத்தியத்தின் பெயரால் விலக்குவதும், அவள் இழந்ததை மீட்க முடியாமல் செய்துவிடும். கருவுற்ற பெண் சாம்பலையும் மண்ணையும் பச்சரிசியையும் தேடித் தின்றால் மசக்கை என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அது இரும்புக் குறைவின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். ஹீமோகுளோபினை அளந்து பார்க்க வேண்டும்.

எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை மருமகள் உண்பது என்ற வழக்கத்தில், குழம்பில் இருந்த மீனும் பொரியலும் முன்னரே தீர்ந்துவிடுகின்றன. அவளுக்கு மிஞ்சுவது சோறும் மோரும். 0.13 மி.கி. என்று நாம் மேலே கண்ட எண் அந்தத் தட்டின் எண்தான்.

கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு ஓய்வு என்பது ஒருநாள் கூலியை இழப்பது. இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்யவே 1987இல் தமிழக அரசு மகப்பேறு உதவித் திட்டத்தைத் தொடங்கியது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 2018இல் உதவியின் மதிப்பு 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வழங்கப்பட்டது. உதவி கிடைக்க, கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்வது முக்கியம். பதிவோடு ஹீமோகுளோபின் சோதனையும் தொடங்கிவிடும்.

அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடுவதும் கணக்கைச் சேர்ந்ததே. ஒரு பேற்றில் செலவான இரும்பு மீண்டும் சேர இரண்டு ஆண்டுகளாவது வேண்டும். அதற்குள் மறுபடி கருவுற்றால் கடன் தீராத நிலத்தின்மேல் மறுகடன் வாங்குவது போலாகும்.

வெற்றியும் எஞ்சிய வேலையும்

தமிழகம் இத்துறையில் நெடுந்தொலைவு வந்துள்ளது. 2001-03இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தனர். 2018-20இல் அது 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்திய அளவு 301இலிருந்து 97 ஆயிற்று. இருபத்து நான்கு மணி நேரமும் பேறு பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008இல் வந்த 108 ஊர்திகள், ஒவ்வொரு தாயின் இறப்புக்கும் காரணம் கேட்டு ஆராயும் முறை ஆகியன இதற்குத் துணைசெய்தன. ஆயினும் உலக அளவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 தாய்மார்கள் மகப்பேற்றை ஒட்டி இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவ்விறப்புகளுக்கு முதன்மைக் காரணம் குருதிப்பெருக்கு.

ஊர்தியும் ஊசியும் அரசு தரலாம். கையிருப்பைச் சேர்ப்பது வீட்டில் நடக்க வேண்டும். அதுவும் திருமணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் இரும்பு மாத்திரை, பத்து ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் ஒரு செலவுக்கான சேமிப்பு. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவிகள் தங்கள் ஹீமோகுளோபின் எண் என்னவென்று இந்த மாதமே கேட்டறிய வேண்டும். மாணவர்கள் தங்கள் அக்காவின் எண்ணையும் அண்ணியின் எண்ணையும் கேட்டறிய வேண்டும். எண் 11க்குக் கீழ் என்றால், குறை ஈடுசெய்யப்பட இன்னும் எத்தனை நாள் கையில் இருக்கிறது என்பதே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி.